பழைய பஸ்ஸுக்கு ரிவர்ஸ் லைட்டும் பின்கேமராவும்: முழுமையான வழிகாட்டி

பழைய பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்க ஒரு காலத்தில் கிளீனரின் உள்ளங்கை போதும். பின்னால் நின்று பாடியைத் தட்டிக்கொண்டே இருப்பார். "வா வா வா... லெஃப்ட்ல ஒடி... வா... ஹோல்டான்!" தட்டுவது நின்றால் வண்டியும் நிற்க வேண்டும். என்னுடைய லேலண்ட் காமெட்டுக்குக் கிளீனர் கிடையாது. நானேதான் டிரைவர், மெக்கானிக், வண்டி கழுவுகிறவன் எல்லாம். ஒரு கல்யாண மண்டபத்துச் சந்தில் ராத்திரி பதினொரு மணிக்குப் பின்னால் எடுத்தபோது சிமென்ட் தொட்டி ஒன்று பின் பம்பரை ஒரு சாண் உள்ளே தள்ளிவிட்டது. தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனியின் பேர் சொல்லும் வண்டி காமெட். கீழே சொல்வது அந்த வண்டியை வைத்துத்தான். பழைய டாடாவோ, வெளிநாட்டுப் பழைய பஸ்ஸோ வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான். மாறுவது கியர் பாக்ஸும் பேட்டரி இணைப்பும்.

வேலையைத் தொடங்கும் முன் மனதில் இரண்டு விஷயம் இருக்கட்டும். முதலாவது, பழைய வயரிங்கில் ஒரு கம்பியைக்கூட வெட்டக் கூடாது. புது வேலை முழுக்கத் தனி வயரில், தனி ஃபியூஸில் நிற்க வேண்டும். நாளைக்கே எல்லாவற்றையும் கழற்றினால் வண்டி பழையபடி இருக்க வேண்டும். இரண்டாவது, லைட் இல்லாமல் கேமரா வாங்காதீர்கள். ராத்திரியில் வெளிச்சம் இல்லாத கேமரா காட்டுவது சாம்பல் நிறப் புழுதி மட்டுமே. ஆகவே லைட் முதலில், கேமரா அப்புறம்.

முதலில் வண்டியின் கரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

இருக்கையைத் தூக்கி இரண்டு பேட்டரியைப் பார்த்ததும் '24 வோல்ட்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்தால்தான் 24. பக்கவாட்டில் இணைத்தால் 12தான். மிகப் பழைய வண்டிகளில் இரண்டு 6 வோல்ட் பேட்டரி தொடராக நிற்கும். மல்டிமீட்டரை எடுத்து மொத்த இணைப்பின் இரு முனையிலும் வையுங்கள். எஞ்சின் ஓடாதபோது 12.6 பக்கம் காட்டினால் 12 வோல்ட் வண்டி, 25.2 பக்கம் என்றால் 24. எஞ்சினை ஓடவிட்டு மறுபடி பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் 13.8 முதல் 14.4 வரையும், 24இல் 27.6 முதல் 28.8 வரையும் இருக்கலாம். 24 வோல்ட் வண்டியில் 30ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எலெக்ட்ரானிக்ஸ் எதையும் மாட்டாதீர்கள்.

அடுத்தது, பாடியோடு எந்த முனை சேர்ந்திருக்கிறது? இப்போதைய வண்டிகளில் நெகட்டிவ்தான் எர்த். பிரிட்டிஷ் வழிவந்த பழைய வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த் இருக்கும். குண்டு பல்புக்கு இதனால் ஒன்றுமில்லை, எப்படிக் கொடுத்தாலும் எரியும். கேமராவுக்குத்தான் வில்லங்கம். மலிவான கேமராக்களின் உலோகக் கூடும் வீடியோ வயரின் வெளிக்கம்பியும் உள்ளே நெகட்டிவோடு சேர்ந்தே இருக்கும். பாசிட்டிவ் எர்த் வண்டியின் தகட்டில் அந்தக் கூட்டை ஸ்குரூ போட்டு முடுக்கினால் நேராக ஷார்ட். அப்படிப்பட்ட வண்டியில் கேமராவையும் திரையையும் ரப்பர் வாஷர், நைலான் போல்ட் போட்டுப் பாடியில் படாமல் நிறுத்துங்கள். உள்ளீடும் வெளியீடும் முற்றிலும் பிரிந்த கன்வெர்ட்டர் (வோல்ட்டை மாற்றித் தரும் பெட்டி) வழியாக மட்டும் கரண்ட் கொடுங்கள்.

என் வண்டிக்கு யாரோ ஒரு காலத்தில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய டைனமோவைக் கழற்றிப் புதுவகை ஆல்டர்னேட்டர் போட்டு, 24 வோல்ட்டும் நெகட்டிவ் எர்த்துமாக மாற்றியிருந்தார்கள். அதனால் எனக்குப் பாதி தலைவலி மிச்சம்.

ரிவர்ஸ் ஸ்விட்ச்: பொறுமை கேட்கும் இடம்

மொத்த வேலைக்கும் உயிர் இதுதான். ரிவர்ஸ் கியர் விழுந்தது என்று வண்டிக்கு யார் சொல்வது? டேஷ்போர்டில் ஒரு சாதாரண ஸ்விட்ச் போட்டுக் கையால் போட்டு அணைக்கலாம் என்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் அணைக்க மறப்போம், பின்னால் வருகிறவர் கண்ணில் வெள்ளை வெளிச்சத்தை அடித்தபடி நெடுஞ்சாலையில் போவோம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள்படியும் நம்பர் பிளேட் விளக்கைத் தவிர, பின்பக்கம் வெள்ளை விளக்கு என்பது பின்னால் போகும்போது மட்டும்தான்.

கியர் பாக்ஸின் மேல்மூடியையும் பக்கங்களையும் டீசல் ஊற்றித் துடைத்துப் பாருங்கள். சிலவற்றில் ரிவர்ஸ் ராடுக்கு (ரிவர்ஸ் கியரை நகர்த்தும் கம்பி) நேராக ஒரு டம்மி போல்ட் இருக்கும். ஸ்விட்ச் மாட்டுவதற்கென்றே விட்ட துளை அது. போல்ட்டைக் கழற்றி, புரி அளவைக் கடையில் காட்டி, பொருந்தும் ஸ்விட்சை வாங்கலாம். சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பழைய சாமானே போதும் என்றால் புதுப்பேட்டை. ஸ்விட்சின் முனை உள்ளே எவ்வளவு நீள வேண்டும் என்பதைச் செம்பு வாஷர் ஒன்றோ இரண்டோ சேர்த்துச் சரிசெய்யலாம். அதிகம் நீண்டால் ராடு அதை உடைத்துவிடும், குறைந்தால் தொடாது.

டம்மி இல்லை என்றால்? மூடியை வண்டியில் வைத்தபடியே துளை போடும் வேலை வேண்டாம். ஒரு சிட்டிகை இரும்புத்தூள் ஆயிலில் விழுந்தாலும் பேரிங்குக்குக் கேடு. வெளியிலேயே ஸ்விட்ச் வைக்கலாம். குமிழை அமுக்கினால் இணைப்புச் சேரும் ஸ்விட்ச் ஒன்று எடுங்கள். ரிவர்ஸில் கியர் லீவரின் அடிப்பக்கம் எங்கே வந்து நிற்கிறதோ அங்கே 3 மில்லிமீட்டர் பட்டையில் ஒரு பிராக்கெட் வளைத்து அதில் மாட்டுங்கள். பிராக்கெட்டின் துளையை வட்டமாகப் போடாமல் நீளமாக ராவி வையுங்கள். முன்னும் பின்னும் நகர்த்தித்தான் இடம் பிடிக்க வேண்டியிருக்கும்.

இங்கேதான் நான் இரண்டு நாள் தொலைத்தேன். ரிவர்ஸும் முதல் கியரும் அடுத்தடுத்த தடத்தில் இருந்தன. முதல் கியருக்கு லீவரைக் கொஞ்சம் இடதுபக்கம் அழுத்திப் போட்டாலே ஸ்விட்ச் தொட்டுவிடும். ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி கிளம்பும்போது பின்னால் வெள்ளை லைட் ஒரு மின்னல் மின்னும். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் பயந்து ஹாரனை அழுத்தியபோதுதான் விஷயம் தெரிந்தது. பிராக்கெட்டை 4 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளியதும் சரியானது.

ஆகவே இப்படிச் சோதியுங்கள். எஞ்சின் அணைந்திருக்கட்டும், வீலுக்குக் கட்டை கொடுங்கள். மல்டிமீட்டரைச் சத்தம் எழுப்பும் நிலையில் வைத்து ஸ்விட்சின் இரு முனையிலும் மாட்டுங்கள். எல்லாக் கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டு, போட்டபின் லீவரை நாலு பக்கமும் ஆட்டுங்கள். ரிவர்ஸில் ஆட்டினாலும் சத்தம் விடாமல் கேட்க வேண்டும், மற்ற எதிலும் ஒரு 'கீச்' கூட வரக்கூடாது. நியூட்ரலில் லீவரை ரிவர்ஸ் பக்கம் அழுத்திப் பார்க்கவும் மறக்காதீர்கள்.

ரிலே, ஃபியூஸ், வயர்

கியர் பாக்ஸ் ஸ்விட்ச் வழியாக லைட்டின் முழுக் கரண்டையும் ஓடவிட்டால் ஸ்விட்ச் கருகும். நடுவில் ஒரு ரிலே வேண்டும்: சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச் அது. வண்டி 24 என்றால் ரிலேயும் 24. ரிலேயின் முனைகளில் எண் எழுதியிருக்கும், இணைப்பு இப்படி: பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக 30ஆம் முனைக்கு, 87இலிருந்து பின் லைட்டுக்கு, கியர் ஸ்விட்சிலிருந்து வரும் வயர் 86க்கு, 85 எர்த்துக்கு. கியர் ஸ்விட்சுக்குப் போகும் கரண்டைச் சாவி போட்டால் மட்டும் வரும் இடத்திலிருந்து தனி 2 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக எடுங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியில் 30க்கும் ஸ்விட்சுக்கும் நெகட்டிவ் வரும், 85 பாடிக்குப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ரிலே விடுபடும் நொடியில் அதன் சுருளிலிருந்து ஒரு மின் உதை கிளம்பும். குண்டு பல்பு கண்டுகொள்ளாது, கேமரா கண்டுகொள்ளும். 85க்கும் 86க்கும் இடையில் 1என்4007 டயோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் சிறு பாகம்) ஒன்று போடுங்கள். விலை சில ரூபாய்தான். வெள்ளிக்கோடு உள்ள முனை பாசிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஃபியூஸ் போகும்.

இனி வயர் தடிமன். கடையில் "எல்லாத்துக்கும் இதேதாண்ணே" என்று ஒரு சுருளை நீட்டுவார்கள். கணக்கு போட்டுப் பாருங்கள். 21 வாட் பல்பு இரண்டு, 12 வோல்ட் வண்டி என்றால் 3.5 ஆம்பியர். முன்னாலிருந்து பின்னால் 12 மீட்டர், திரும்பி வர இன்னொரு 12 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மீட்டருக்குச் சுமார் 0.012 ஓம். மொத்தத்தில் ஒரு வோல்ட் வழியிலேயே செலவாகிவிடும். பல்பு வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் அளவு மங்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் இழப்பு 0.6 வோல்ட் பக்கம் இறங்கும். 24 வோல்ட் வண்டியிலோ கரண்ட் பாதிதான், 1.75 ஆம்பியர். 1.5 வயரிலேயே அரை வோல்ட்தான் போகும், தாராளமாகப் போதும். ஃபியூஸ் 12 வோல்ட்டுக்கு 5 ஆம்பியர், 24க்கு 3 ஆம்பியர். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். பின்பக்கம் லைட்டுக்குப் பக்கத்தில் ஃபியூஸ் போட்டு என்ன பயன்? நடுவில் வயர் தேய்ந்து பாடியில் பட்டால் காப்பாற்ற ஆளில்லை.

எர்த்துக்குப் பாடியை நம்பாதீர்கள். மரச் சட்டத்தில் அலுமினியத் தகடு ரிவெட் அடித்த பழைய பாடியில் ஒரு தகடு அடுத்ததோடு சேர்ந்திருக்கிறதா என்பதே சந்தேகம். லைட்டுக்குத் திரும்பும் வயரைத் தனியாக இழுத்துவிட்டால் பிற்பாடு தேட வேண்டியதில்லை. முனைகளில் லக் (வயர் முனைக்கான உலோகக் காது) போட்டு நசுக்கி, மேலே சூடு பட்டால் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் ஒரு மழைக்காலம்தான் தாங்கும்.

வயரை அடியில் கொண்டுபோகலாமா, கூரை வழியாகவா? அடியில் சேறு, சைலன்சர் சூடு, பிரேக் பைப். நான் கூரையையே தேர்ந்தெடுத்தேன். உள் லைட்டுக்கென்று ஏற்கனவே ஒரு பைப் ஓடியது. வீட்டு வயரிங்காரர் வைத்திருக்கும் ஸ்பிரிங்கை அதில் விட்டு, லைட் வயர், வீடியோ வயர் இரண்டையும் ஒரே இழுப்பில் கொண்டுவந்தோம். தகட்டைத் தாண்டும் ஒவ்வொரு துளையிலும் ரப்பர் வளையம் போட்டே ஆக வேண்டும்.

லைட்

புது லாரிக்கு வரும் சதுர எல்இடி விளக்கைப் பழைய பஸ்ஸின் வளைந்த முதுகில் மாட்டினால், பட்டுவேட்டிக்கு விளையாட்டு ஷூ போட்ட மாதிரி இருக்கும். 4 அங்குல வட்ட விளக்கு, கண்ணாடி மூடி, 21 வாட் சிங்கிள் கான்டாக்ட் பல்பு. என் தேர்வு இதுதான். பழைய டெயில் லைட்டின் ஜோடி மாதிரியே நிற்கும். எல்இடிதான் வேண்டும் என்றால் 10 முதல் 30 வோல்ட் வரை தாங்குவதாக எழுதியிருப்பதை, மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளையில் வாங்குங்கள். மட்டமான எல்இடி நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரியும். கேமராத் திரையில் அது குறுக்குக் கோடுகளாக ஓடும்.

பம்பருக்குச் சற்று மேலே, இரு ஓரத்திலும் ஒவ்வொன்று. வெளிச்சம் தரையில் 5, 6 மீட்டர் தள்ளி விழும்படி கீழே சாய்த்து முடுக்குங்கள். பாடியில் புதுத் துளை போட மனம் வரவில்லை என்றால் பம்பரின் பிராக்கெட் போல்ட்டிலேயே ஒரு பட்டை சேர்த்து அதில் மாட்டலாம்.

ரிவர்ஸ் ஹாரன் பற்றிக் கேட்பீர்கள். சாதாரண 'பீப்' போதும். பாட்டுப் பாடும் ஹாரனைத் தயவுசெய்து மாட்டாதீர்கள். ராத்திரி சந்துக்குள் மூன்றாவது வீட்டில் தூங்கும் குழந்தை எழுந்தால் திட்டு வாங்குவது நீங்கள்தான்.

கேமராவுக்குக் கரண்ட்

பெரும்பாலான கேமராக்கள் 12 வோல்ட். 24 வோல்ட் வண்டியில் என்ன செய்வது? எனக்கு வேலை செய்த எலக்ட்ரீஷியன் தயங்காமல் சொன்னார்: "ஒரு பேட்டரியில இருந்து மட்டும் எடுத்துக்கலாம்ணே, டேப்ரிக்கார்டருக்கு அப்படித்தான் எடுப்போம். ஒண்ணும் ஆவாது." ஆகும். அந்த ஒரு பேட்டரி மட்டும் இறங்கும். ஆல்டர்னேட்டரோ இரண்டையும் ஒன்றாக நினைத்து 28 வோல்ட் தரும். இறங்கிய பேட்டரி முழுசாக ஏறாமல் கிடக்கும், நிறைந்த பேட்டரி அளவுக்கு மீறி ஏறித் தண்ணீர் வற்றும். இரண்டும் அற்பாயுசில் போய்விடும். பழைய வண்டிகளில் ஒரு பேட்டரி மட்டும் அடிக்கடி சாவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர், 3 ஆம்பியர் திறனில் வாங்குங்கள். 7 அங்குலத் திரையும் ஒரு கேமராவும் சேர்ந்து ஒரு ஆம்பியருக்குள்தான் இழுக்கும். கன்வெர்ட்டருக்கு முன்னால் 2 ஆம்பியர் ஃபியூஸ். 12 வோல்ட் வண்டியிலும், டைனமோவும் கட்-அவுட்டும் (டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் பெட்டி) இன்னும் ஓடுகிறது என்றால், உள்ளீடு ஏறி இறங்கினாலும் 12ஐ நிலையாகத் தரும் கன்வெர்ட்டர் ஒன்று போடுவது நல்லது. டைனமோவின் வோல்ட் எஞ்சின் வேகத்தோடு தாவும். திரை மினுக்கும், சில சமயம் அணைந்தே போகும்.

கேமரா எங்கே, எப்படி

வயர்லெஸ் வேண்டாம். முப்பதடி தகடு அலையை மறைக்கும், படமும் ஒரு கணம் தாமதித்து வரும். அந்த ஒரு கணத்தில் பஸ் அரை அடி நகர்ந்திருக்கும். வயர் வைத்ததே சரி. திருகி மாட்டும் 4 முள் கனெக்டர் உள்ளதாக எடுத்தால் அதிர்வில் கழலாது. கேமரா, வயர், திரை மூன்றும் ஒரே வகையா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய அனலாக் திரையில் ஏஎச்டி (கூடுதல் தெளிவுள்ள புதுவகை) கேமராவை மாட்டினால் படம் வராது, வந்தாலும் உருளும்.

இடம்தான் முக்கியம். பம்பர் மட்டத்தில் வைத்தால் சேறு அப்பும், தூரமும் பிடிபடாது. உயரத்தில் வைத்துக் கீழ்நோக்கிச் சாய்த்தால் பம்பரின் விளிம்பும் அதற்கு ஒட்டிய தரையும் தெரியும். நமக்கு வேண்டியது அதுதான். என் வண்டியில் பின் கண்ணாடிக்கு மேல் ஊர்ப் பெயர் எழுதும் பழைய பெட்டி இருந்தது. அதற்குள் கேமராவை ஒளித்துவைத்தேன், வெளியே தெரியவே இல்லை. முதல் ராத்திரி பார்த்தால் திரை முழுக்கப் பால் கொட்டிய மாதிரி வெள்ளை! கேமராவைச் சுற்றியுள்ள இரவுப்பார்வை எல்இடிகள் பெட்டியின் கண்ணாடியில் பட்டுத் திரும்பியிருக்கின்றன. அந்த எல்இடிகள்மேல் கறுப்பு டேப் ஒட்டி, லென்ஸுக்கு நேராகக் கண்ணாடியை எடுத்துவிட்டு வெறும் துளையாக விட்டதும் தெளிந்தது. ரிவர்ஸ் லைட் இருக்கும்போது அந்த எல்இடிகள் தேவையே இல்லை.

படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி வர வேண்டும். வண்டியின் இடதுபுறம் திரையிலும் இடதுபுறம். பல கேமராக்களின் வயரில் சிறிய வளையக் கம்பி இரண்டு இருக்கும். ஒன்றை வெட்டினால் படம் திரும்பும், மற்றதை வெட்டினால் கோடுகள் மறையும். எது எதற்கு என்பதை அட்டையில் பார்த்துவிட்டு வெட்டுங்கள். அந்தக் கோடுகள் காருக்கு அளந்தவை, பஸ்ஸுக்கு உதவாது. நான் மறைத்துவிட்டேன்.

திரையின் ரிவர்ஸ் சிக்னல் வயரை ரிலேயின் 87இலிருந்து எடுங்கள். வீடியோ வயரோடு ஓடும் மெல்லிய சிவப்புக் கம்பி இதற்குத்தான். ஆனால் 24 வோல்ட் வண்டியில் அந்த முனைக்கு 24 தாங்குமா என்று பாருங்கள். காருக்கான திரைகள் பல தாங்காது. நான் ஒரு திரையை இப்படித்தான் புகையவிட்டேன். தாங்காத திரை என்றாலோ, பாசிட்டிவ் எர்த் வண்டி என்றாலோ இரண்டாவது ரிலே ஒன்றைப் போட்டு, கன்வெர்ட்டரின் 12ஐ அதன் வழியாகக் கொடுக்கலாம். கேமராவுக்கு மட்டும் சாவி போட்டதுமே கரண்ட் வரட்டும். அப்போதுதான் ரிவர்ஸ் போட்டவுடன் படம் தாமதமில்லாமல் வரும்.

திரையை டேஷ்போர்டில் நிரந்தரமாகப் பதிக்காமல், கண்ணாடிக்கு மேலுள்ள ஆங்கிளில் மடக்கும் பிராக்கெட்டில் தொங்கவிட்டிருக்கிறேன். சினிமா ஷூட்டிங்குக்கு வண்டி போகிறது என்றால் மடக்கித் துணி போட்டுவிடலாம்.

அளவு பிடித்தல்

சமதரையில் நிறுத்தி, பின் பம்பரிலிருந்து 1, 2, 3 மீட்டரில் சுண்ணாம்பால் குறுக்குக் கோடு போடுங்கள். வண்டியின் அகலத்துக்கு இரு பக்கமும் கோடு இழுங்கள். திரையில் ஒவ்வொரு கோடும் விழும் இடத்தில், சட்டத்தின் ஓரமாகச் சிறு வண்ண டேப் ஒட்டுங்கள். சிவப்பு 1 மீட்டர், மஞ்சள் 2, பச்சை 3. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் குடத்தைப் பம்பரை ஒட்டி வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நகர்த்துங்கள். எந்த இடத்திலாவது குடம் திரையில் மறைந்தால் கேமராவை இன்னும் கீழே சாய்க்க வேண்டும். குடம் மறையும் இடத்தில் குழந்தையும் மறையும்.

இதையே ராத்திரியும் ஒருமுறை செய்யுங்கள். ரிவர்ஸ் லைட்டின் சாய்வை அப்போதுதான் சரியாகப் பிடிக்க முடியும்.

ஒன்று மட்டும் கேமராவில் தெரியாது. ஸ்டியரிங்கை ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போது பஸ்ஸின் முன்மூக்கு எதிர்ப்பக்கம் வீசும். திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் முன்னால் நிற்கும் ஸ்கூட்டரைத் தள்ளிவிடுவோம். பக்கக் கண்ணாடிகளைப் பார்ப்பதை விடக்கூடாது.

மாட்டிய ஒரு மாதத்துக்குப் பிறகு எல்லா லக்கையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், பிராக்கெட் போல்ட்டுகளை முடுக்குங்கள். எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்று) கொண்டுபோகும் முன் ரிவர்ஸ் போட்டு ஒருவரைப் பின்னால் நிறுத்தி இரண்டு லைட்டும் எரிகிறதா என்று கேளுங்கள். லென்ஸைத் துடைக்க ஒரு மெல்லிய துணியைப் பின் ஏணியில் கட்டி வைத்திருக்கிறேன். புழுதிச் சாலையில் போய் வந்தால் வாரத்துக்கு இரண்டு முறை அதற்கு வேலை இருக்கிறது.